மறிச்சுக்கட்டிப் பிள்ளைகளும் சேர்ந்திசையும்

மறிச்சுக்கட்டிக்கு நாங்கள் பாட்டுப் படிப்பிக்கப் போகவில்லை. பாடசாலை விடுமுறையில் நாலு பெட்டி சிறுவர் புத்தகங்களைக் கொண்டுபோய், மூன்று நாள் பிள்ளைகளோடு இருந்து வாசிக்கிறது எண்டுதான் திட்டம். இரண்டாம் நாள் மத்தியானம், கூரைத் தகரம் கொதித்து எல்லாரும் சோர்ந்துபோன நேரத்தில், எங்களில் ஒருவர் “சரி, புத்தகத்தை மூடுங்கோ, ஒரு பாட்டுப் பாடுவம்” என்றார். நாற்பது பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி நேராக நின்றது. மற்றவர்களும் எழும்பினார்கள். தேசிய கீதத்தைப் பாடினார்கள். முழுசாக, பிசகில்லாமல்.

“வேற?” என்று கேட்டோம்.

“நாங்க சங்கீதம் படிக்கிறல்ல, டீச்சர்” என்றது அதே பிள்ளை.

பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் பின்வாங்கில் இரண்டு பொடியன்கள் விரலால் மேசையில் தட்டிக்கொண்டு ஒரு ஸலவாத்து பைத்தை முணுமுணுக்கத் தொடங்கினார்கள். ஒருவன் அடியெடுக்க மற்றவன் ஏற்றுச் சொன்னான். அது வாங்கு வாங்காக முன்னுக்கு வந்தது. வந்து சேர்ந்தபோது நாற்பது குரலும் ஒரே சுருதியில் நின்றன. யாரும் சுருதி கொடுக்கவில்லை, கை காட்டவில்லை. நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் எல்லாரும் ஒண்டாக நிறுத்தினார்கள். சங்கீதம் படிக்காத பிள்ளைகள்!

இரவு தங்கிய வீட்டில் எங்களுக்குள் இதைப் பற்றித்தான் கதை. இவ்வளவு நன்றாகச் சேர்ந்து பாடுகிற பிள்ளைகள், தங்களுக்குப் பாட்டுத் தெரியாது எண்டு எப்படி நம்பத் தொடங்கினார்கள்? அதைத் தேடிப் போனதில் சேர்ந்தவைதான் இங்கே இருக்கின்றன. முத்துக்குளிப்பில் தொடங்கி லட்சத்தீவு வரை போகவேண்டி வந்தது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ.

மறிச்சுக்கட்டி மன்னார் மாவட்டத்தின் தென்முனையில், முசலிப் பிரிவில் இருக்கிறது. சிலாவத்துறையிலிருந்து கடலோரமாகத் தெற்கே வந்தால் கரடிக்குழி, பாலைக்குழி, முள்ளிக்குளம் எல்லாம் இந்தப் பக்கத்து ஊர்கள்தான். அதற்கப்பால் மோதரகம் ஆறும் வில்பத்துக் காடும். இன்றைக்கு இந்தப் பெயரைச் செய்தியில் கேட்கிறவர்களுக்குக் காணிப் பிரச்சினைதான் ஞாபகம் வரும். நூற்றிருபது வருசத்துக்கு முன்னர் இது உலகம் அறிந்த பெயர். 1900களின் தொடக்கத்தில் முத்துச் சலாபம் இங்கேதான் போடப்பட்டது. வருசத்தில் சில கிழமைகள், ஒன்றுமில்லாத மணலில் ஓலையாலும் தடியாலும் ஒரு நகரம் எழும்பும். கச்சேரி, ஆஸ்பத்திரி, கடைத்தெரு, பொலிஸ், சிறைக்கூடம் எல்லாம் வரும். சலாபம் முடிய நகரமும் போய்விடும். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன, அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாய் கிடைத்தது. அடுத்த வருசம் இங்கே வேலைக்கு வந்த இளம் அதிகாரிகளில் ஒருவர் லெனார்ட் வூல்ஃப். பின்னாளில் ‘குரோயிங்’ என்ற தன்வரலாற்றில் இந்த முகாமைப் பற்றி எழுதினார். 1906இல் ஒரு லண்டன் கம்பனி 20 வருசக் குத்தகைக்கு முத்துப் பார்களை எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பி இல்லை. குத்தகையும் கைவிடப்பட்டது.

எங்களுக்கு இங்கே வேண்டியது முத்தல்ல, சத்தம். கீழக்கரை, தொண்டிப் பக்கத்துத் தமிழ் பேசும் முஸ்லிம்கள், பரவர், இந்தக் கரையின் ஆட்கள், பாரசீக வளைகுடாவிலிருந்து நூற்றுக்கணக்கில் வந்த அரபிகள் என்று எல்லாரும் ஒரே கடலில் இறங்கினார்கள். வளைகுடாவின் முத்துக்குளிக்கும் கப்பல்களில் பாடுவதற்கென்றே ஓர் ஆளை வைத்திருப்பது மரபு. அவருக்குப் பெயர் நஹ்ஹாம். அவர் எடுத்துக் கொடுக்க, துடுப்புப் பிடிக்கிறவனும் கயிறு இழுக்கிறவனும் கீழ்க்குரலில் வாங்கிப் பாடுவார்கள். பஹ்ரைனில் அந்தப் பாட்டு இன்றைக்கும் ‘ஃபிஜிரி’ என்ற பெயரில் இருக்கிறது. 2021இல் யுனெஸ்கோ அதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. முத்தும் போய், அந்தத் தொழிலும் போய், பாட்டு மட்டும் தங்கியது பஹ்ரைனில்.

இன்னொரு வேடிக்கை. இந்த முத்துக்குளிப்பாளர்களைப் பற்றி ஐரோப்பாவில் ஓர் இசை நாடகமே இருக்கிறது. ஜோர்ஜ் பிஸே என்ற பிரெஞ்சுக்காரர் 24 வயதில் எழுதிய ‘முத்துக்குளிப்போர்’. 1863 செப்டெம்பர் 30ஆம் திகதி பாரிஸில் முதலில் மேடையேறியது. கதை நடக்கிற இடம் இலங்கைக் கடற்கரை. முதலில் மெக்சிகோவில் நடக்கிறதாகத்தான் யோசித்திருந்தார்களாம், பிறகு இலங்கை ஆக்கினார்கள். ஆளையும் ஊரையும் பார்க்காமல் எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு அதில் வருகிற பேர்களே சாட்சி. பிரம்மாவைக் கும்பிடுகிற கூட்டத்தில் நாயகன் பெயர் நாதிர், நாயகி லைலா! அதை விடுவோம். அந்த நாடகம் முழுக்கக் கூட்டுப்பாடல் நிறைந்தது. முத்துக்குளிப்போராக வேடம் கட்டிய பெரும் கூட்டம் மேடையில் நின்று பாடும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எத்தனையோ பாடகர் குழுக்கள் ‘நாங்கள் இலங்கையின் முத்துக்குளிப்போர்’ என்று நின்று பாடியிருக்கின்றன. அந்தக் கரையின் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருக்கிறது எண்டே தெரியாது. தெரிந்து ஆகவேண்டியதும் பெரிசா ஒண்டுமில்லை. ஆனால் கூட்டமாகப் பாடுகிறது எண்டால் அது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, கோயிலில் பாடுகிறது, எங்களுக்கு இல்லாதது என்ற ஒரு நினைப்பு எங்களில் பலருக்கு இருக்கிறதே, அதைத்தான் உடைக்க வேண்டும்.

ஏனெண்டால் இந்தக் கரையில் தனியாகப் பாடினது குறைவு. கரைவலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டைக் கேட்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒருவர் அடி எடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ போட்டு வாங்குவார்கள். வாங்குகிற இடத்தில்தான் கயிறு இழுபடும். அதாவது தாளம் தப்பினால் வலை நிற்கும். பாட்டு அங்கே அலங்காரம் இல்லை, வேலையின் ஒரு பாகம். மாதோட்டத்துக் கத்தோலிக்க ஊர்களின் நாட்டுக்கூத்திலும் இதே கதைதான். கூத்தர் ஒரு அடியைப் பாட, அண்ணாவியாருக்குப் பக்கத்தில் நிற்கிற பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடுவார்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார்க் கூத்துகளைப் பதிப்பித்து வெளியிட்டபோது ஏட்டில் இருந்தது அச்சுக்கு வந்தது. பிற்பாட்டுக்காரரின் குரல் எந்த அச்சுக்கும் வராது. முஸ்லிம் ஊர்களில் மௌலூதுக்கு ஓதுகிற பைத்து, றபான் அடித்துப் பாடுகிற பக்கீர்மாரின் பாட்டு, கம்பு தட்டி ஆடுகிற களிகம்பு, எல்லாம் எடுத்துக் கொடுக்கிறவர் ஒருவர், ஏற்கிறவர் பலர்.

அண்டைக்கு அந்த வகுப்பறையில் நாங்கள் கேட்டது இதுதான். அந்தப் பொடியன்கள் நஹ்ஹாமையும் பிற்பாட்டுக்காரரையும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எடுத்துக்கொடுத்து ஏற்கிற அந்த முறை அவர்கள் வாயில் இருந்தது.

அறுந்த இடங்களும் இருக்கின்றன, அதைச் சொல்லாமல் போக முடியாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 பேர். அதில் மிகப் பெரிய பங்கு மன்னார் மாவட்டத்தினர். மறிச்சுக்கட்டிச் சனமும் அப்படிப் போய், புத்தளத்து ஓலைக் குடிசைகளில் ஏறக்குறைய இருபது வருசம் இருந்தது. எங்கட கூட்டில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறோம். இந்த வருசத்தை எழுதும்போது ஒவ்வொருவர் கையும் வேறு வேறு மாதிரித்தான் நடுங்குகிறது. 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்களுக்கு ஊர் இருந்த இடத்தில் காடு நின்றது. சனம் புத்தளத்தில் இருந்த காலத்தைக் கணக்கில் எடுக்காமல் 2012இல் ஒரு வர்த்தமானி அந்தப் பக்கத்தை ஒதுக்கக் காடாக்கியது. 2017 மார்ச்சில் இன்னொரு வர்த்தமானி மாவில்லுப் பேணற்காட்டை அறிவித்தது. அதே மாதங்களில் பக்கத்து முள்ளிக்குளத்தில், 2007இல் கடற்படை முகாமுக்காக எழுப்பப்பட்ட கத்தோலிக்கச் சனம் தங்கட காணிக்காக வீதியோரத்தில் இருந்தது. இங்கே முஸ்லிம்கள், அங்கே கத்தோலிக்கர், இரண்டு போராட்டமும் ஒரே வெயிலில்.

பாட்டுக்கும் காணிக்கும் என்ன தொடர்பு எண்டு கேட்கலாம். அம்பாவுக்குக் கரை வேணும், கூத்துக்கு வட்டக்களரி போட ஒரு வெளி வேணும், மௌலூதுக்கு ஒரு பள்ளிவாசலும் அதைச் சுற்றி வீடுகளும் வேணும். இருபது வருசம் இவை இல்லாமல் வளர்ந்த தலைமுறைதான் இன்றைக்கு இந்தப் பிள்ளைகளின் உம்மாவும் வாப்பாவும். இதற்குள் கரைவலைக்கும் வின்ச் வந்துவிட்டது. உழவு இயந்திரத்தில் பூட்டிக் கயிறைச் சுற்றினால் இழுக்க ஆள் தேவையில்லை, ஆள் இல்லையெண்டால் அம்பாவும் இல்லை. வின்ச்சைத் திட்டுகிறது எங்கட வேலை இல்லை. தோள் வலியை நாங்கள் சுமக்கவில்லைத்தானே.

வெளியில் இப்படிப் போனதைப் பாடசாலை பிடித்து வைத்திருக்கலாம். அது நடக்கவில்லை. இலங்கையின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் சங்கீதம் என்றால் கர்நாடக சங்கீதம். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள், 1960இல் மருதனார்மடத்தில் தொடங்கிய இராமநாதன் இசைக் கல்லூரி, அங்கே படித்து ஆசிரியர்களாக வந்தவர்கள் என்று யாழ்ப்பாணத்தைச் சுற்றி ஒரு நல்ல அமைப்பு உருவானது. அதைக் குறை சொல்ல வரவில்லை. எங்களில் இரண்டு பேர் அந்தப் பரீட்சை எழுதினவர்கள்தான். ஆனால் அந்த அமைப்பு தனிக் குரலுக்காகக் கட்டப்பட்டது. சரளி வரிசையில் தொடங்கி வர்ணம், கீர்த்தனை என்று ஒரு பிள்ளை தனியாக ஏறுகிற ஏணி அது. அந்த ஏணியில் ஏற வீட்டில் ஒரு சுருதிப்பெட்டி வேணும், பின்னேர வகுப்புக்குக் கூட்டிப்போக ஆள் வேணும், கட்ட காசு வேணும். பட்டதாரி ஆசிரியர் பெரிய பாடசாலைகளுக்குப் போவார். கரையோரத்துச் சின்னப் பாடசாலைக்கு அழகியல் பாடத்துக்கு ஆள் வந்தால் அதிர்ஷ்டம், வந்தவர் சித்திர ஆசிரியராக இருந்தால் பிள்ளைகள் எல்லாரும் சித்திரம். தமிழ்மொழித் தினப் போட்டியில் ‘குழு இசை’ என்று ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. கோட்டம், வலயம், மாகாணம் என்று மேலே போகும். அதற்கும் சங்கீத ஆசிரியர் இருக்கிற பாடசாலைகள்தான் குழு அனுப்பும். முஸ்லிம் பாடசாலைகளில் இன்னொரு தயக்கமும் சேரும். வாத்தியம் ஆகுமா ஆகாதா என்ற கேள்வியைப் பெற்றோர் உண்மையாகவே கேட்கிறார்கள். பக்திப் பாடல்களே நிறைந்த ஒரு பாடத்திட்டத்தைப் பார்த்து, இது எங்கட பிள்ளைக்கு எப்படி எண்டு யோசிக்கிறவர்களையும் நாங்கள் கண்டோம். இந்தக் கேள்விகளைப் பிற்போக்கு எண்டு தள்ளிவிடுகிறவர்கள் ஒரு நாளும் அந்த ஊரில் ஒரு வகுப்பு நடத்தப் போவதில்லை.

ஆகக் கடைசியில் பிள்ளைக்கு எஞ்சுவது காலைக் கூட்டத்தின் தேசிய கீதம். முதுதமிழ்ப் புலவர் மு. நல்லதம்பி தமிழாக்கியது. அதுவும் இந்த நாட்டில் சும்மா கிடைத்த பாட்டல்ல. 2016 பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திர தின அரச விழாவில் அது தமிழில் பாடப்பட்டபோது அழுதவர்கள் இருக்கிறார்கள், 2020இல் அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. அந்த முன்வாங்குப் பிள்ளை நேராக எழும்பி நின்றபோது இதெல்லாம் எங்கட தலைக்குள் ஓடியது. பிள்ளைக்கு ஒண்டும் ஓடியிராது. பாடச் சொன்னார்கள், தெரிந்ததைப் பாடியது.

இனித்தான் எம். பி. சீனிவாசனிடம் வருகிறோம். இங்கே அவரை அறிந்தவர்கள் குறைவு. பழைய சினிமாப் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்தின் இசையமைப்பாளர் என்றால் விளங்கும். மலையாளத்தில் அவர் இன்னும் பெரிய பெயர். யேசுதாஸை முதன்முதலாகச் சினிமாவில் பாடவைத்தவர், 1961இல். அடூர் கோபாலகிருஷ்ணனின் படங்களுக்கு இசையமைத்தவர். 1925இல் சித்தூரில் பிறந்து, மாணவப் பருவத்திலேயே இடதுசாரி அரசியலுக்கு வந்தவர். பஞ்சாபின் விடுதலைப் போராட்டத் தலைவர் சைபுதீன் கிச்லுவின் மகள் ஸாஹிதாவைத் திருமணம் செய்தவர். சென்னைக்கு வந்து, சினிமாவில் வாத்தியம் வாசிக்கிறவர்களைச் சங்கமாகத் திரட்டினார். நாள் கூலிக்கு வாசித்து, காசு வருமா வராதா எண்டு தெரியாமல் வீடு போன கலைஞர்களுக்கு அது பெரிய விசயம். அவருக்கு இழப்பும் அதனாலேயே வந்தது என்று நாங்கள் நினைக்கிறோம். இவ்வளவு திறமையுள்ள ஒருவருக்குத் தமிழில் கிடைத்த படங்கள் கைவிரலில் எண்ணக்கூடியவை.

1970களின் தொடக்கத்தில் அவர் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். ‘சேர்ந்திசை’ என்ற சொல் தமிழில் ஊன்றியது அந்தக் குழுவோடுதான். அவருக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1943இல் தொடங்கிய இப்டா என்ற மக்கள் நாடக இயக்கம் வங்காளத்திலும் பம்பாயிலும் கூட்டுப்பாடலை வளர்த்தது. சலில் சௌத்ரி பம்பாயில் ஒரு இளைஞர் குழுவை நடத்தினார். சீனிவாசன் செய்தது, அந்த வழியைத் தமிழுக்குக் கொண்டுவந்து பாரதியையும் பாரதிதாசனையும் பல குரலில் பிரித்துப் பாடவைத்தது. மெட்டு எங்கட மண்ணின் இராகத்தில் நிற்கும், அதற்கு மேலும் கீழும் மற்றக் குரல்கள் வேறு வரியில் போகும். பாடியவர்கள் தொழில்முறைப் பாடகர்கள் இல்லை. வேலை முடிந்து, வகுப்பு முடிந்து வந்து ஒத்திகை பார்த்தவர்கள்.

ஏழைப் பிள்ளைகளுக்கு இசை கொண்டுபோகிறதுக்குச் சேர்ந்து பாடுவதுதான் வழி என்று கண்டவர் அவர் முதல் ஆள் இல்லை. இங்கிலாந்தில் சாரா குளோவர் என்ற பெண் நோரிச் நகரத்துப் பிள்ளைகளுக்காக ஒரு எளிய பாட்டு எழுத்துமுறையை உண்டாக்கினார். 1840களில் ஜோன் கர்வன் என்ற போதகர் அதை எடுத்துத் திருத்தி, பியானோவும் ஐந்து கோட்டு இசைத்தாளும் இல்லாத ஆயிரக்கணக்கான ஞாயிறு பள்ளிகளுக்கும் தொழிலாளர் கூட்டங்களுக்கும் கொண்டுபோனார். அதன் சூட்சுமம், ‘டோ’ எந்த உயரத்திலும் நிற்கலாம் என்பது. எங்கட ‘ஸ’ என்றைக்கும் அப்படித்தான் நிற்கிறது! அவர்களுக்குப் புரட்சியாக இருந்தது எங்களுக்குப் பழக்கம். ஆனாலும் அவர்கள் அதைக் கூட்டத்துக்குக் கொடுத்தார்கள், நாங்கள் தனி ஆளுக்கு வைத்துக்கொண்டோம்.

1980களில் இந்தியாவின் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு பாடசாலைகளுக்காகக் கூட்டுப்பாடல் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது சீனிவாசன் அதில் முன்னின்றார். பல மொழிப் பாட்டுகளைத் தெரிந்து, ஆசிரியர்களுக்கு முதலில் பழக்கி, அவர்கள் மூலம் பிள்ளைகளுக்குப் போகிற முறை. சங்கீத ஆசிரியர் இல்லாத பாடசாலையிலும் கணக்கு ஆசிரியரோ விஞ்ஞான ஆசிரியரோ நின்று பிள்ளைகளைப் பாடவைக்கலாம். இது எங்களுக்கு முக்கியமான இடம். முசலியில் சங்கீத ஆசிரியருக்காகக் காத்திருந்தால் இந்தப் பிள்ளைகள் ஓ.எல். எழுதி முடித்துவிடுவார்கள்.

பிறகு அவர் லட்சத்தீவுக்குப் போனார். வரைபடத்தில் பாருங்கோ, இந்தியாவின் இடது பக்கம், மறிச்சுக்கட்டிக்கு நேர் எதிர்த் திசையில். ஆனால் ஊரை நினைத்தால் அவ்வளவு தூரமில்லை. மீனும் தேங்காயும் வாழ்க்கை. சனத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் முஸ்லிம்கள். எங்கட களிகம்பு அங்கே கோல்களி. பேச்சு பெரும்பாலும் மலையாளத்தின் ஒரு வழக்கு. அங்கே சேர்ந்திசைப் பணிக்காகப் போயிருந்த இடத்தில், 1988 மார்ச் 9ஆம் திகதி, மாரடைப்பால் இறந்தார். 62 வயது. சென்னையில் ஸ்டூடியோவில் அல்ல, விருது மேடையில் அல்ல, ஒரு தீவில்.

இதை நாங்கள் முதலில் வாசித்தபோது கொஞ்ச நேரம் யாரும் கதைக்கவில்லை. ஒரு பெரிய இசைக்காரர் கடலோர முஸ்லிம் பிள்ளைகளிடம் போவதைத் தன் கடைசி வேலையாக வைத்திருந்தார் என்பது எங்கட கேள்விக்கு மிகக் கிட்டவாக வந்து நின்றது. அதே நேரம் அவரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். அவரது பாட்டுகளில் பல மேடைக்கும் பெருங்கூட்டத்துக்கும் எழுதப்பட்டவை. தேசம், ஒற்றுமை என்ற பெரிய சொற்கள் நிறைந்தவை. அந்தச் சொற்களால் மூன்று தரம் அடிபட்ட ஊரில் அவை அப்படியே இறங்காது. எடுக்க வேண்டியது பாட்டை இல்லை, முறையை.

உலகத்தில் இப்படி வேலைகள் இப்போது நிறைய. வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய எல் சிஸ்தேமா இலட்சக்கணக்கான பிள்ளைகளின் கையில் வயலினைக் கொடுத்தது. பிறகு அதற்குள் இருந்த கடுமையும் அரசியலும் விமர்சனத்துக்கு வந்தன. எங்கட நாட்டிலும் முல்லைத்தீவிலும் குருநாகலிலும் பாடசாலைப் பிள்ளைகளை வாத்தியம் பழக்கி ஒன்றாக இசைக்கவைக்கிற ‘மியூசிக் ப்ராஜெக்ட்’ இருக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் வாத்தியத்துக்குக் காசு வேணும், உப்புக்காற்றில் தந்தி துருப்பிடிக்கும், கொடுத்தவர் போனபிறகு பெட்டி அலுமாரிக்குள் போகும். குரலுக்கு அலுமாரி இல்லை.

வெளியூரிலிருந்து போகிறவர்களின் வருத்தம் ஒன்றையும் ஒப்புக்கொள்கிறோம். பனர் கட்டி, ஒரே நிற ரீசேர்ட் போட்டு, ஒரு கீபோர்டோடு போய், இரண்டு மணித்தியாலம் பாடவைத்துப் படம் எடுத்துக்கொண்டு வருகிற வேலையை நாங்களும் வேறு ஊரில் செய்திருக்கிறோம். அந்தப் பிள்ளைகளுக்கு அதில் கிடைத்தது பிஸ்கட் பக்கற்றும், ‘பாட்டு எண்டால் வெளியிலிருந்து வருகிற ஒரு சாமான்’ என்ற பாடமும்தான். மறிச்சுக்கட்டிப் பிள்ளை “படிக்கிறல்ல” என்று சொன்னதில் அப்படிப்பட்ட ஆட்களுக்கும் பங்கு இருக்கிறது.

மூன்றாம் நாள் புத்தகத்தைக் குறைத்துக்கொண்டு பாடிப் பார்த்தோம். முதல் தவறு எங்களுடையது. எங்களில் குரல் உள்ளவர் ஆண். தன் வசதிக்கு ஒரு கட்டையில் தொடங்கினார். பிள்ளைகள் பாதிப்பேர் கீழே இறங்க முடியாமல் வாயை மட்டும் அசைத்தார்கள். சின்னப் பிள்ளைகளின் குரல் மேலே நிற்கிறது. நாலரை, ஐந்து கட்டைக்குப் போனதும் கூரை திறந்தமாதிரி இருந்தது. ஆசிரியர்கள் ‘இந்தப் பிள்ளைக்குச் சுருதி இல்லை’ என்று ஒதுக்குகிறதில் எத்தனை இப்படி எங்கட சுருதியால் வந்ததோ!

பிறகு அவர்களுடைய முறைக்கே போனோம். எடுத்துக் கொடுக்கிறவன் அதே பின்வாங்குப் பொடியன். ‘தானானே’ என்று நாலு அடி, சொல் இல்லாமல். வகுப்பை இரண்டாகப் பிரித்து, முதல் பாதி இரண்டாம் அடிக்கு வரும்போது மற்றப் பாதி முதல் அடியைத் தொடங்க வேண்டும். இதுதான் சுற்றுப்பாட்டு. ஒரே மெட்டுத்தான், ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் வருவதால் இரண்டு குரல் ஒன்றின் மேல் ஒன்று விழும், பல குரல் இசை பிறக்கும். யாரும் புதிதாக ஒரு வரி படிக்கத் தேவையில்லை. ஆறு தரம் குழம்பியது. எதிர்ப்பக்கம் பாடுவதைக் கேட்டதும் அதற்குள் விழுந்துவிடுவார்கள், எல்லாரும் சிரிப்பார்கள். ஒருத்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பாடினாள். காதைப் பொத்தக்கூடாது, கேட்டுக்கொண்டே உன் இடத்தில் நிற்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினோம். ஏழாம் தரம் சரிவந்தது, ஒரு அரை நிமிசம். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வயதான ஒருவர் பிறகு எங்களிடம் வந்து, “தம்பி, வலை இழுக்கக்குள்ள ரெண்டு கயித்துக்காரரும் இப்படித்தான், ஒரு பக்கம் விட மற்றப் பக்கம் பிடிக்கும்” என்றார். பாடிக் காட்டச் சொன்னோம். வெட்கப்பட்டுப் போய்விட்டார்.

அடுத்த விடுமுறைக்கு அவரைத் தேடித்தான் முதலில் போகவேண்டும். மௌலவியுடனும் கதைத்தோம்; வாத்தியம் வேண்டாம், குரலும் கைதட்டும் போதும் என்று நாங்கள் சொன்னபோது அவர் “பாட்டு என்னவெண்டு எனக்கு முதல்ல காட்டுங்க” என்றார். காட்டுவோம். முள்ளிக்குளத்துப் பாடகர் குழுப் பிள்ளைகளையும் சேர்க்கலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது, இரண்டு ஊரிலும் பெரியவர்களிடம் கேட்காமல் அதைச் செய்யப்போவதில்லை.

இப்போதைக்கு எங்களுக்குப் பாட்டு வேணும். அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, முள்ளிக்குளம், மறிச்சுக்கட்டிப் பக்கத்து அம்பா, பைத்து, களிகம்புப் பாட்டு, கூத்துப் பிற்பாட்டு தெரிந்த ஆட்கள் உங்கள் வீட்டில் இருந்தால், தொலைபேசியில் பதிந்து அனுப்புங்கோ. சொல் மறந்திருந்தாலும் பரவாயில்லை, மெட்டுப் போதும். எந்த ஊர், யார் பாடினது, எந்த வேலைக்குப் பாடினது என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கோ. புத்தளத்திலேயே தங்கிவிட்டவர்களிடமும் கேளுங்கோ. எங்கட ஊகம், பாதிப் பாட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது.